கேட் சாவியை வீட்டுக்கு ஒன்று கொடுங்கள்

வடசென்னையில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும்,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஒயர்மேன். முப்பத்தோரு வருடமாக இந்தப் பக்கத்து வீடுகளில்தான் வேலை. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் தேரடி வரைக்கும், அந்தப் பக்கம் வியாசர்பாடி, கொடுங்கையூர் வரைக்கும், எத்தனை மாடிப்படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து மெயின் போர்டைத் திறந்திருப்பேன் என்று கணக்கில்லை. உங்களில் பலர் வீட்டில் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன். பாத்திரம் விற்றும், மீன் விற்றும், ஹார்பரில் மூட்டை தூக்கியும் சேர்த்த காசில் மாடி மேல் மாடியாக எழுப்பிய வீடுகள் இவை என்பது எனக்குத் தெரியும். அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்று. ராத்திரியில் நீங்கள் பூட்டுகிற கிரில் கேட்டுக்கு ஒவ்வொரு குடித்தனத்திடமும் ஒரு சாவி இருக்க வேண்டும். மொட்டை மாடிக் கதவில் பூட்டு தொங்கக் கூடாது. இதற்குக் கீழே நான் எழுதுவதெல்லாம் இதைச் சொல்லத்தான்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று மாடி வீடு, ஆறு குடித்தனம். வாசலில் நுழைந்ததும் படிக்கட்டு. படிக்கட்டுக்கு அடியில் ஆறு மீட்டரும் மெயின் போர்டும். போர்டுக்குக் கீழே செருப்பு ஸ்டாண்டு, பழைய பேப்பர்க் கட்டு, ஒரு உடைந்த நாற்காலி, இரண்டு பைக். ராத்திரி பத்தரைக்கு கேட்டைப் பூட்டி சாவியை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மொட்டை மாடிக்கும் பூட்டு; பசங்க மேலே போய் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று.

அன்றைக்கு வீட்டுக்காரர் குடும்பம் ஊரில் இல்லை. சாவியும் அவர்களோடு போய்விட்டது. விடியற்காலை இரண்டு மணி சுமாருக்கு போர்டு பற்றியது. பேப்பர்க் கட்டு பிடித்து, பைக் பிடித்து, படிக்கட்டு முழுக்கப் புகை. ஆறு குடும்பமும் மேலே ஏறினால் மொட்டை மாடியில் பூட்டு, கீழே இறங்கினால் நெருப்பு, அதைத் தாண்டினால் கேட்டில் பூட்டு. எதிர்வீட்டில் கட்டட வேலைக்குப் போட்டிருந்த இரும்புக் குழாயை எடுத்து வந்து அக்கம்பக்கத்தார் கேட்டை நெம்பி உடைத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. இரண்டாவது மாடியில் இருந்த பெண், நெருப்பைத் தாண்டி முதலில் கேட்டுக்கு ஓடி வந்தவள், கம்பியைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். இரும்பு சூடேறிக் கிடந்தது. இரண்டு உள்ளங்கையும் வெந்துபோய் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை தீக்காய வார்டில் மூன்று வாரம் கிடந்தாள். இன்றைக்கும் அவளால் இட்லி மாவைக் கையால் கரைக்க முடியாது, கரண்டிதான்.

இதில் என் பங்கை மறைத்தால் இந்த மடலை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அந்த போர்டில் இரண்டு வாரம் முன்பு ஃபியூஸ் போட்டது நான். ஒரே நாளில் மூன்று தடவை ஃபியூஸ் போனது. “ஒயர் மாத்தணும், லோடு தாங்கல” என்றேன். “அடுத்த மாசம் பாக்கலாம்பா, இப்ப ராத்திரிக்குத் தாங்குற மாதிரி பண்ணிட்டுப் போ” என்றார் வீட்டுக்காரர். லோடு மீறினால் உருகிக் கரண்டை நிறுத்துவதற்கென்று ஃபியூஸ் கட்டையில் இருந்த மெல்லிய கம்பியைக் கழற்றிவிட்டு தடியான செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டேன். தாங்கியது. ஃபியூஸ் தாங்கியது, அதனால் ஒயர் எரிந்தது. அன்றிலிருந்து யார் சொன்னாலும் எந்த வீட்டிலும் நான் அதைச் செய்வதில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் ஒயர்மேன் செய்ய மாட்டேன் என்று சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். செய்து கொடுத்துவிட்டுப் போகிறவரைத்தான் திரும்பக் கூப்பிடக் கூடாது.

இது ஏன் இப்படி எரிகிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதைப் பொறுமையாகக் கேட்ட வீட்டுக்காரர்கள் எல்லோருமே பிறகு செலவு செய்திருக்கிறார்கள்.

இருபது, இருபத்தைந்து வருடம் முன்பு நீங்கள் வீடு கட்டும்போது ஒரு போர்ஷனில் என்ன இருந்தது? இரண்டு டியூப் லைட், இரண்டு ஃபேன், ஒரு டிவி, மிக்ஸி, கிரைண்டர். அதற்குப் போட்ட ஒயர் அதற்குச் சரி. இப்போது அதே போர்ஷனில் ஒன்றரை டன் ஏசி; ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். இரண்டாயிரம் வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கெய்சர் போட்டால் இன்னொரு ஒன்பது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், நாலு செல்போன். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கு ஆகும். சாதாரண ஒயரின் பிவிசி உறை 70 டிகிரி சூட்டுக்கு என்று செய்யப்பட்டது. அதற்கு மேல் தினமும் போய் வந்தால் உறை இறுகி, வெடித்து, ஒரு நாள் உதிர்ந்துவிடும். சுவருக்குள் குழாயில் நடக்கிற விஷயம் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. நான் பழைய பைப்பிலிருந்து ஒயரை உருவும்போது அது அப்பளம் மாதிரி நொறுங்கி விழுவதைப் பார்க்கிறேன்.

நம் பக்கத்துக்கு என்றே இன்னொன்று இருக்கிறது. உப்புக் காற்று. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் விரைவுச் சாலை ஓரம், திருவொற்றியூர்க் கடற்கரைப் பக்கம் எந்த வீட்டில் போர்டைத் திறந்தாலும் செம்புக் கம்பியின் முனை பச்சை பூத்துக் கிடக்கும். ஸ்க்ரூ துருவேறி இளகியிருக்கும். இளகிய இடத்தில்தான் சூடு பிறக்கும். லூஸ் கான்டாக்ட் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதுதான் பல வீடுகளில் தீயின் முதல் பொறி. விளக்கு மினுக்கினால், சுவிட்ச் பாக்ஸைத் தொட்டால் சுட்டால், பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தால், பிளக் பாயிண்ட் ஓரம் பழுப்பேறினால், அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும். ஆடி போகட்டும், தை வரட்டும் என்று தள்ளக் கூடாது.

லோடு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச், அதாவது எம்சிபி போட்டிருக்கிறோம், போதாதா என்று கேட்கிறார்கள். பழைய ஃபியூஸ் கட்டைக்கு எம்சிபி எவ்வளவோ மேல். ஆனால் மெல்லிய ஒயரில் முப்பத்திரண்டு ஆம்பியர் எம்சிபி போட்டால் நான் முறுக்கிப் போட்ட செம்புக் கம்பிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஒயர் எரிந்து முடியும் வரை அது விழாது. ஒயரின் தடிமனுக்கு ஏற்ற எம்சிபி, ஏசிக்கும் கெய்சருக்கும் போர்டிலிருந்தே தனி ஒயர், இதோடு கூட முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. ஆர்சிசிபி முக்கியமாக ஷாக்கிலிருந்து காப்பாற்றும், எர்த்துக்குக் கசியும் கரண்டையும் பிடிக்கும். ஆனால் அதிக லோடை அது கவனிக்காது, அது எம்சிபியின் வேலை. இரண்டும் வேண்டும். புது ஒயர் வாங்கும்போது தீப்பிடித்துப் பரவாத, புகை குறைவாக விடுகிற எஃப்ஆர்எல்எஸ் ரகம் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான்.

வாடகைக்கு இருப்பவன் ஏசி மாட்டினான், அவன்தானே ஒயருக்குச் செலவு செய்ய வேண்டும் என்று பலர் சொல்கிறீர்கள். 2017-ல் நம் மாநிலத்தில் வந்த வீட்டு வாடகைச் சட்டத்தின் இணைப்பில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பிரித்து எழுதியிருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் சின்ன ரிப்பேர் குடியிருப்பவருடையது. உள்ளேயும் வெளியேயும் உள்ள ஒயரிங் வீட்டுக்காரருடையது. சட்டத்தை விடுங்கள், நியாயமாகப் பார்த்தாலும் சுவருக்குள் ஓடுவது உங்கள் சுவரில்தான். ஏசி மாட்டலாமா என்று கேட்கிற குடித்தனக்காரரிடம் “மாட்டிக்கோ” என்பதற்குப் பதிலாக “ஒயர்மேன் வந்து பார்க்கட்டும், அப்புறம் மாட்டு” என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். வாடகையில் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள், கொடுப்பார்கள். ரிப்பேர் கேட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று பயந்து, தீய்ந்த சுவிட்சில் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

இப்போது படிக்கட்டுக்கு வருகிறேன்.

வீட்டில் நெருப்பு எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். சமையலறையில் பிடித்தால் படிக்கட்டு வழியாக ஓடலாம். படிக்கட்டிலேயே பிடித்தால்? நம் வீடுகளில் இருப்பது ஒரே படிக்கட்டு. அதன் அடியிலேயே மீட்டர் போர்டு, அங்கேயே பெட்ரோல் நிறைந்த பைக், காலி சிலிண்டர், இப்போது புதிதாக சார்ஜில் போட்ட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். கீழே எரிகிற எதனுடைய புகையும் படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும். ஒவ்வொரு மாடிக்கும் அது புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். நெருப்பு வந்து தொடுவதற்கு முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, ஒரு தகப்பனும் அவருடைய பதிமூன்று வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரி பற்றினால் ஒரு வாளித் தண்ணீருக்கு அடங்காது. உள்ளுக்குள்ளேயே சூடு பெருகி, அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும். ஆகவே வண்டியை வாசலுக்கு வெளியே, திறந்த இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். அதற்கென்று வெளிச்சுவரில் எர்த்தோடு ஒரு பாயிண்ட் நீங்களே போட்டுக் கொடுத்துவிட்டால் மாடியிலிருந்து யாரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிட மாட்டார்கள். தெருவே மூன்றடிதான், வெளியே எங்கே விடுவது என்பீர்கள். அப்படிப்பட்ட வீட்டில் பேட்டரியைக் கழற்ற முடிகிற வண்டிக்கு மட்டும் சம்மதியுங்கள். பேட்டரியை மாடிக்குக் கொண்டுபோனாலும் ஆள் வெளியேறும் வாசலுக்கும் கட்டிலுக்கும் பக்கத்தில் சார்ஜ் போடக் கூடாது.

போர்டை இடம் மாற்ற ஈபியில் எழுதிக் கொடுக்க வேண்டும், அலைச்சல்தான். அது முடிகிற வரைக்கும் போர்டுக்குக் கீழேயும் பக்கத்திலும் எரிகிற சாமான் எதுவும் இல்லாமல் துடைத்து வைக்கலாம். அதற்குக் காசே வேண்டாம்.

கேட் சாவிக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. வண்டி திருடு போகிறது. மோட்டார் திருடு போகிறது. யார் எப்போது வருகிறார், போகிறார் என்று தெரியாமல் வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது. எல்லாம் உண்மை. பூட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பூட்டுங்கள். தொங்கு பூட்டை எடுத்துவிட்டு, வெளியே சாவியும் உள்ளே கையால் திருகித் திறக்கிற அமைப்பும் உள்ள பூட்டைப் பொருத்துங்கள். மிண்ட் தெருப் பக்கம் ஹார்டுவேர்க் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கிரில் வழியே வெளியிலிருந்து கையை விட்டுத் திறந்துவிடாமல் அந்த இடத்தில் ஒரு தகடு அடித்துவிட்டால் போதும். அது முடியாது என்றால் தொங்கு பூட்டுக்கே ஆறு சாவி போட்டுக் கொடுங்கள். மொட்டை மாடிக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போதும். மேலே பசங்கள் தொல்லை என்றால் அதைப் பேசித் தீர்க்க வேறு வழி இருக்கிறது.

2001 ஆகஸ்டு 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகத்துக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை எரிந்து 94 பிள்ளைகள். எந்தத் தீயைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் வந்து நிற்பது, வெளியே வர வழி இருந்ததா என்ற கேள்வியில்தான். நம் தெருக்களில் ஒவ்வொரு ராத்திரியும் பத்தரைக்கு அந்த வழியை நாமே அடைத்துவிட்டுப் படுக்கிறோம். ஜன்னல் கிரில்லையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு போர்ஷனிலும் ஒரே ஒரு ஜன்னலின் கிரில்லாவது கீல் வைத்துத் திறக்கிற மாதிரி வெல்டிங் பட்டறையில் மாற்றிக் கொடுத்தால், அரை நாள் வேலை.

கேஸ் விஷயம் பெரும்பாலும் குடித்தனக்காரர் கையில் இருக்கிறது, ஆனாலும் புதிதாக யாராவது குடி வரும்போது நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாம். ஆரஞ்சு நிற ரப்பர் டியூபில் தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு மேல் போனால் மாற்ற வேண்டும். படுக்கப் போகும்போது அடுப்புத் திருகு மட்டும் போதாது, ரெகுலேட்டரையும் மூட வேண்டும். கேஸ் காற்றை விடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவி மூலையில் தேங்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் அந்த வெள்ளை மூடியைப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றிவிட்டு, வெளியே நின்று 1906-க்குப் போன் செய்ய வேண்டும். அந்த எண் சிலிண்டர் கசிவுக்கென்றே இருப்பது.

தீ பிடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள் என்று சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் யார் அட்டை படிக்கப் போகிறார்கள்? அதனால் எல்லாக் குடித்தனத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் நிற்க வைத்துச் சொல்லிவிடுங்கள். முதலில், மெயின் சுவிட்ச் எது, எந்தப் பக்கம் இழுத்தால் அணையும் என்று வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஆறு மீட்டரில் எது யாருடையது என்று பெயின்ட்டால் எழுதிவையுங்கள். கரண்ட் தீயில் மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் எப்போதுமே தண்ணீர் கூடாது. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிவிட்டு, ஆறுகிற வரை திறக்காமல் விட வேண்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால் வழியெல்லாம் நெருப்பு சிந்தும். புடவையில் பிடித்தால் ஓடக் கூடாது, ஓடினால் காற்றே விசிறிவிடும். தரையில் விழுந்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூட வேண்டும்.

படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் அதற்குள் இறங்கக் கூடாது. கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி அடைத்து, தெருப்பக்க ஜன்னலில் நின்று கத்த வேண்டும். அல்லது புகை இன்னும் லேசாக இருக்கும்போதே மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். பக்கத்து வீட்டு மாடியும் நம் மாடியும் ஒட்டித்தானே இருக்கின்றன, தாண்டிவிடலாம். அந்தக் கதவில் பூட்டு இல்லாமல் இருந்தால். புகைக்குள் போயே ஆக வேண்டும் என்றால் குனிந்து, தவழ்ந்து. நல்ல காற்று தரையோரம்தான் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

101 அல்லது 112. அணைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, செம்பியம் நிலையங்களிலிருந்து வண்டி புறப்பட்டாலும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் ஐந்து நிமிடம் எப்படி இருபது ஆகும் என்று. போனில் தெருப் பெயரோடு பெரிய அடையாளம் ஒன்று சொல்லி, ஒரு ஆளைத் தெரு முனையில் நிறுத்துங்கள். இருபுறமும் நிற்கிற பைக்குகளை நகர்த்த இன்னும் நாலு பேர். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை யாராவது தள்ளிப் போகச் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் பேக்கரி ஒன்று ராத்திரியில் எரிந்தபோது உள்ளே சிலிண்டர் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர் உயிரை விட்டார். பார்த்துக்கொண்டு நின்ற பொதுமக்கள் பலர் வெந்துபோனார்கள். அந்தத் தெருக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுட்டுக்கொண்டவருக்கு முதலில் தண்ணீர்தான். குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிடம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். பேஸ்ட், இங்க், இட்லி மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர மூடி, ஸ்டான்லிக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ.

இதில் எதைச் செய்ய உங்களுக்கு வசதி இருக்கிறது, எதற்கு இல்லை என்று எனக்குத் தெரியாது. முழு ஒயரிங்கும் மாற்றுவது சின்னச் செலவு இல்லை. இந்த வருடம் ஒரு போர்ஷன், அடுத்த வருடம் ஒன்று என்று செய்யலாம்; நானே சில வீடுகளில் அப்படித்தான் செய்து வருகிறேன். சாவி போட அந்தக் கணக்கு தேவையில்லை. பூட்டு ரிப்பேர்க்காரர் தெரு முனையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

என்னைத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுங்கள். போர்டைத் திறந்து பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்கப் போவதில்லை. அந்தப் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது அங்கே ஆறு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் கேட் சாவி தொங்குகிறது, குழந்தைக்கு எட்டும் உயரத்தில்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு போர்டைத் திறந்து பார்த்த ஒரு ஒயர்மேன்,
தண்டையார்பேட்டை.